கோத்தகிரி ஏற்றத்துக்கு 28 பல் போதுமா?

சுள்ளான்:
காலை 6 மணிக்குக் கோவையில் இருந்து சைக்கிளில் புறப்பாடு. மேட்டுப்பாளையம், கோத்தகிரி, ஊட்டி, குன்னூர், மறுபடி மேட்டுப்பாளையம், கோவை. சுமார் 185 கி.மீ. வருது, மிச்சம் 15 கடைசியில் ஊருக்குள்ளேயே ஒரு சுற்று. 200 பிஆர்எம் (கெடு நேரத்துக்குள் 200 கி.மீ. முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டம், பந்தயம் அல்ல) என்பதால் 13½ மணி நேரம். மலை ஏறினாலும் சரி, சமதளமானாலும் சரி, அதே கெடுதான். வண்டியில் 50/34 கிராங்க் (பெடல் பக்கம் 50, 34 என இரண்டு பல்சக்கரம்), 11-28 கேசட் (பின்சக்கரத்தில் 11 முதல் 28 பல் வரையிலான பல்சக்கர அடுக்கு), ஷிமானோ 105 ஆர்7000 பாகங்கள், ஆர்டி (பின்பக்கம் செயினைப் பல் மாற்றும் கருவி) குட்டைக் கூண்டு, ரிம் பிரேக் (சக்கர விளிம்பைப் பிடிப்பது). ஆள், வண்டி, தண்ணீர், பை எல்லாம் சேர்த்து 85 கிலோ. 11-34 கேசட் போடணுமா, இருக்கிறதே போதுமா?

பல்சக்கரம்:
போடுங்க, யோசிக்கவே வேண்டாம். 34/28-ல் (முன்னால் 34 பல், பின்னால் 28) பெடலை ஒரு சுற்று சுற்றினால் வண்டி 2.56 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் 9.2 கி.மீ. வேகம். 9 சதவீத ஏற்றத்தில் அந்த வேகத்துக்கு உங்கள் 85 கிலோவுக்கு ஏறக்குறைய 215 வாட் வேணும். 34/34-ல் அதே 60 சுற்றுக்கு 7.6 கி.மீ., 175 வாட். 40 வாட் வித்தியாசம் என்பது முட்டி பேசுவதற்கும் பேசாமல் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

மூச்சுக்கணக்கு:
அண்ணே, கணக்கு சரி, ரோடுதான் தப்பு. 9 சதவீதம் கல்லட்டிக்குச் சொல்லுங்க. மசினகுடியில் இருந்து ஊட்டிக்கு ஏறும் 36 கொண்டை ஊசி வளைவில் 28 பல்லோடு போனால் நடந்துதான் வரணும், ஒத்துக்கிறேன். இவர் போவது கோத்தகிரி. மேட்டுப்பாளையம் 325 மீட்டர், கோத்தகிரி 1,800-ஐ ஒட்டி. 33 கி.மீ.யில் முதல் 4 கி.மீ. கிட்டத்தட்ட சமம். மிச்சம் 29-ல் சராசரி 5 சதவீதம். அதில் 34/28-ல் 60 சுற்றுக்கு 126 வாட் போதும். பல்லை எண்ணி நேரத்தை வீணாக்காமல் கடிகாரத்தைப் பாருங்க.

கோத்தகிரி கன்ட்ரோல் (கார்டில் முத்திரை வாங்கும் இடம்) 68-வது கி.மீ.யில். மணிக்கு 15 என்ற கணக்கில் அது மூடுவது 10:32-க்கு. மேட்டுப்பாளையம் வரை 35 கி.மீ.யை 24-ல் ஓட்டினால் 7:28. அடுத்த சமதள 4 கி.மீ.க்கு 10 நிமிடம். ஆக ஏற்றத்தின் அடியில் நிற்கும்போது மணி 7:38, கையில் இருப்பது 2 மணி 54 நிமிடம். 140 வாட்டில் ஏறினால் வேகம் 10.2, 29 கி.மீ.க்கு 2 மணி 51 நிமிடம். மிச்சம் 3 நிமிடம்! ஒரு டீ குடித்தால் கார்டில் முத்திரை இல்லை. இந்த 140 வாட்டில் 34/28-ல் கேடன்ஸ் (நிமிடத்துக்குப் பெடல் சுற்று) 66. குறை சொல்ல ஒன்றுமில்லை. இங்கே குறுக்கே நிற்பது 28 பல் இல்லை, 140 வாட்.

சுள்ளான்:
3 நிமிடமா! அப்ப என்ன செய்யட்டும்?

மூச்சுக்கணக்கு:
எடையைக் குறைங்க. 85-ஐ 80 ஆக்கினால் அதே 140 வாட்டில் 10.75 கி.மீ. வேகம், ஏற்றத்தில் 9 நிமிடம் லாபம். அதற்காகத் தேவையானதை எடுத்துப் போட்டுவிடாதீங்க: இரண்டு டியூப், டயர் லீவர், பம்ப், செயின் டூல் கட்டாயம். தண்ணீரை மட்டும் யோசித்துத் தூக்குங்க. அடியில் இருந்தே இரண்டு லிட்டரோடு ஏறுவது வீண் சுமை, ஒரு லிட்டர் வைத்துக்கொண்டு கோத்தகிரிக்கு முன்னால் வரும் அரவேணுவில் நிரப்பலாம்.

பல்சக்கரம்:
சராசரி 5 என்றால் எல்லா இடமும் 5 என்று அர்த்தமில்லை தம்பி. கொண்டை ஊசியில் பேருந்து வெளிப்பக்கத்தை எடுத்துக்கொண்டு உங்களை உள்பக்கம் ஒதுக்கினால் அந்த 10 மீட்டர் 10 சதவீதத்தைத் தாண்டும். அங்கே 28 பல்லில் கேடன்ஸ் 45-க்கு விழும், எழுந்து நின்று மிதிக்கணும். ஒரு தடவை பரவாயில்லை, பத்துத் தடவை ஆனால் தொடை கணக்குக் கேட்கும். இன்னொன்று, கோத்தகிரியோடு ஏற்றம் முடியாது. அங்கிருந்து தொட்டபெட்டா பிரிவு வரை இறங்கி ஏறி இன்னும் 600 மீட்டருக்கு மேல். அந்த நேரத்தில் 140 வாட் கொடுப்பவர் 110-தான் கொடுப்பார். அப்போது 34 பல்லின் அருமை தெரியும். பெரிய பல் மெதுவாகப் போவதற்கு என்று நினைக்காதீங்க, அது கேடன்ஸைக் காப்பாற்ற.

மூச்சுக்கணக்கு:
சரி, ஆனால் 11-34-ல் பல் இடைவெளி பெரிசு. 11-13-15-17 என்று தாவும். கோவை ரோட்டில் எதிர்க்காற்றில் 14, 12 இரண்டும் இல்லாமல் ஓட்டிப் பாருங்க.

பல்சக்கரம்:
இதையும் எண்ணிலேயே பார்ப்போம். 50 பல், 85 சுற்று என்றால் 19-ல் 28 கி.மீ., 17-ல் 32 கி.மீ., 15-ல் 36 கி.மீ. இவர் ஓட்டுவது 24-க்கும் 30-க்கும் நடுவில். அங்கே தேவை 17, 19, 21. அது 11-28-லும் இருக்கு, 11-34-லும் இருக்கு. 14 பல் இல்லாத குறை 36-க்கு மேல் ஓட்டுபவருக்கு. அவர் ஏன் பிஆர்எம் ஓட்டுகிறார், ரேஸுக்குப் போகட்டும்.

கருவிப்பெட்டி:
இரண்டு பேரும் ஆர்டியைப் பார்க்காமல் பேசுறீங்க. ஆர்7000-ல் குட்டைக் கூண்டு 30 பல் வரைதான். நீளக் கூண்டுதான் 34 வரை. செயின் தாங்கும் கணக்கு (கூண்டு இழுத்துப் பிடிக்கக்கூடிய செயின் தளர்வு, பல் எண்ணிக்கையில்) தனி: முன்பக்க வித்தியாசம் 16, பின்பக்கம் 34-11 = 23, கூட்டினால் 39. நீளக் கூண்டுக்கு அளவு சரியாக 39, குட்டைக்கு 35. ஹேங்கரில் (ஆர்டியைத் தொங்கவிடும் சட்டத் துண்டு) நீட்டிப்புத் துண்டு போட்டு 34-ஐ ஓட்டுகிறேன் என்று சிலர் கிளம்புவார்கள். பல் ஏறும், ஆனால் 34/11-க்குப் போனால் செயின் தொங்கிக் கூண்டிலேயே உரசும். அதைச் சரிசெய்ய செயினைக் குறைத்தால் இன்னும் மோசம். களைப்பில் தெரியாமல் 50/34-க்குத் தட்டிவிட்டால் ஆர்டி முன்னால் இழுபட்டு ஹேங்கரே முறியும். தொட்டபெட்டா பிரிவில் ஹேங்கர் முறிந்தால் வண்டி தள்ளுவண்டி.

ஆகவே சுள்ளானுக்கு 11-30 கேசட். 34/30-ல் 60 சுற்றுக்கு 8.6 கி.மீ., 9 சதவீதத்தில் 200 வாட், 28-ஐ விட 15 வாட் குறைவு. பல் வரிசை 11-12-13-14-15-17-19-21-24-27-30, தாவல் எல்லாம் மேல்பக்கம்தான். ஆர்டி மாற்ற வேண்டாம். பழைய செயின் ஓடியது அதிகம் என்றால் புதுக் கேசட்டோடு புதுச் செயினும் போடுங்க, இல்லையென்றால் ஏற்றத்தில் பல் மேல் வழுக்கும். 11-28-க்கு இறுக்கமாக வெட்டிய செயின் என்றாலும் அளவு மறுபடி பார்க்கணும். ஆர்டியின் தூரத்தைச் சரிசெய்யும் பி-ஸ்க்ரூவைத் திருகி அதன் மேல்புல்லி 30 பல்லை இடிக்காத தூரத்துக்குக் கொண்டுவாங்க. 34 பல் கேசட்தான் வேணும் என்று அடம் பிடித்தால் நீளக் கூண்டு ஆர்டி, புதுச் செயின், கேசட், கூடவே 11 ஸ்பீடு ரோடு ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடம்) 1.85 மி.மீ. ஸ்பேசர் (இடைவெளி வளையம்). ஸ்பேசரை மறந்தால் கேசட்டைப் பூட்டும் லாக்ரிங் இறுகியபின்னும் கேசட் ஆடும்.

பல்சக்கரம்:
30-க்குச் சம்மதம். 28-க்கு மட்டும் கிடையாது.

வளைவு14:
எல்லோரும் ஏறுவதையே பேசுறீங்க. ஆளைக் கொல்வது குன்னூர் இறக்கம். 1,850 மீட்டரில் இருந்து 325-க்கு, 14 கொண்டை ஊசி. பயந்துகொண்டு பிரேக்கைப் பிடித்தபடியே 20-ல் இறங்குபவர் ரிம்முக்கு ஒவ்வொரு கி.மீ.க்கும் 32 கிலோஜூல் சூடு கொடுக்கிறார் (5 சதவீதச் சரிவு, அதே 85 கிலோ). நேரான இடத்தில் 40-க்கு விட்டால் காற்றே பாதிக்கு மேல் தடுத்துவிடும், பிரேக்குக்குப் போவது 14 கிலோஜூல்தான்.

மூச்சுக்கணக்கு:
வளைவுக்கு முன்னால் 40-ல் இருந்து 15-க்குக் குறைக்கும்போது அந்த வேகமும் சூடாகத்தானே மாறுது?

வளைவு14:
மாறும். ஒரு வளைவுக்கு 4½ கிலோஜூல். 14-க்கும் சேர்த்து 63. மெதுவாக இழுத்துக்கொண்டே வருவதில் இரண்டு மூன்று கி.மீ.க்கே அது போய்விடும். அதோடு விட்டுப் பிடித்தால் நடுவில் ரிம் காற்றில் ஆறும். பிடியை வளைவுக்குள் அல்ல, வளைவுக்கு முன்னால் முடிங்க, முன் பிரேக்கை விடாமல் இரண்டையும் சேர்த்து. கார்பன் ரிம் என்றால் இந்த ரோட்டில் வேண்டாம், சூட்டில் பசை இளகி ஓரம் வீங்கும், டியூப் வெடிக்கும். மழை பெய்தால் ஈர ரிம் முதல் சுற்றில் பிடிக்காது, லேசாகத் தொட்டுத் துடைத்துக்கொண்டே வாங்க. அதற்காக எல்லா இடத்திலும் 40-ஆ? மூடுபனி இறங்கினால் 20-க்கும் கீழேதான், அங்கே ரிம் கணக்கை மறந்துடுங்க.

சுள்ளான்:
மே மாதம் வைத்துக்கொள்ளலாமா? பகல் நீளம்.

வளைவு14:
கூடவே கூடாது. சீசனில் ரோடு ஒருவழி ஆகும். மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் வழியாக ஏறணும், ஊட்டியில் இருந்து கோத்தகிரி வழியாக இறங்கணும். உங்கள் வழி தலைகீழ். வெளியூர் கார்களுக்கு இ-பாஸும் வேணும், ஆனால் கன்ட்ரோலுக்கு நடுவில் கார் உதவி பிஆர்எம்மில் செல்லாது என்பதால் அது வீட்டிலேயே இருக்கட்டும். இன்னொன்று, நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. கடையில் ஒரு லிட்டர் பாட்டில் வாங்கிக்கொள்ளலாம் என்று காலி பாட்டிலோடு ஏறாதீங்க, தண்ணீர் ஏடிஎம்மில்தான் நிரப்பணும், சில்லறை வைத்துக்கொள்ளுங்க.

மூச்சுக்கணக்கு:
அந்தத் தண்ணீரில் ஓஆர்எஸ் ஒரு பொட்டலத்துக்கு ஒரு லிட்டர். கால் லிட்டரில் கரைத்துக் கெட்டியாகக் குடித்தால் வயிறு புரட்டும். சாப்பாடு மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து: ஒரு வாழைப்பழம் 25 தரும், மிச்சத்துக்குக் கடலை மிட்டாய், பேரீச்சை. ஏற்றம் தொடங்கும் முன்பே சாப்பிட ஆரம்பிங்க. பசி வந்தபிறகு சாப்பிட்டால் அது தொட்டபெட்டாவில்தான் கால்களுக்கு வரும்.

சுள்ளான்:
11-30, புதுச் செயின், நவம்பர் தாண்டி மழை ஓய்ந்தபின். ஊட்டியில் 97 கி.மீ. கன்ட்ரோல் மூடுவது 12:28 என்று கணக்கு வருது. சரிதானா?

மூச்சுக்கணக்கு:
சரி. அதைத் தாண்டிவிட்டால் முடிவு 7:30 வரை ஏழு மணி நேரம், பாதி வழி இறக்கம். கத்தி மேல் நடப்பது ஊட்டி வரைதான். ஆறரைக்கே இருட்டிவிடும், முன்பின் விளக்கும் ஒளிரும் மேல்சட்டையும் பையில் இல்லாமல் கிளம்பாதீங்க.

கருவிப்பெட்டி:
கேசட் மாற்றியபின் குறைந்தது 50 கி.மீ. ஓட்டிப் பார்த்துட்டு வாங்க. புது கேபிள் போட்டிருந்தால் அந்த 50-க்குள்தான் தளரும், கேபிளை இறுக்கும் ஆர்டி பேரல் அட்ஜஸ்டரை ஒரு கால் சுற்று இறுக்க வேண்டிவரும்.

பல்சக்கரம்:
அடுத்த தடவை கல்லட்டி என்றால் என்னிடம் வாங்க. அன்றைக்கு 34.