ஏப்பம் விட முடியாத நோய்க்கு என்ன பெயர் வைக்கலாம்?

எல்லோருக்கும் வணக்கம்.

பத்து நாளாக இந்த இழையில் வந்த சொற்களையெல்லாம் படித்துவிட்டேன். நடுவில் பரீட்சைத் தாள் திருத்தும் வேலை வந்துவிட்டது, அதனால்தான் இத்தனை தாமதம். இங்கே ஒரு டாக்டருக்குத் தமிழில் நோட்டீஸ் எழுதித் தர ஒப்புக்கொண்டு மாட்டிக்கொண்டவன் நான். கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி ஆட்கள் மலையாளம் பேசுவார்கள். ஆனால் உடம்புக்கு ஒன்று என்றால் தமிழில்தான் சொல்ல வரும். அவர்களுக்கான நோட்டீஸ் இது.

இழைக்குப் புதிதாக வந்தவர்களுக்காக நோயைப் பற்றிக் கொஞ்சம். சாப்பிடுவது, குடிப்பது, விழுங்குவது எல்லாம் சரியாக இருக்கும். ஏப்பம் மட்டும் விட முடியாது. இன்று நேற்று வந்ததல்ல, பெரும்பாலும் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். வயிற்றிலிருந்து காற்று மேலே ஏறித் தொண்டைக்குழி வரை வரும், அங்கே முட்டும், திரும்பிப் போகும். மறுபடி ஏறும். கழுத்துக்குள் களகளவென்று சத்தம். சாயங்காலமானால் வயிறு உப்பி நெஞ்சு இறுகும். மேலே போக முடியாத காற்று கீழ்வழியாகத்தான் போயாக வேண்டும், அது என்ன பாடு என்று நான் விளக்க வேண்டியதில்லை.

1987இலேயே அமெரிக்க மருத்துவர்கள், ஏப்ப அனிச்சை சரியாக வேலை செய்யாததால் நெஞ்சுவலியில் துடித்த ஒரு நோயாளியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அப்புறம் அது அப்படியே கிடந்தது. 2019இல் ராபர்ட் பாஸ்டியன், மெலிஸா ஸ்மித்ஸன் இருவரும் 51 பேரின் விவரத்தோடு ஒரு கட்டுரை வெளியிட்டு, இது தனி நோய், இன்ன தசையால் வருகிறது, இன்ன ஊசி போட்டால் சரியாகிறது என்று சொன்ன பிறகுதான் தொண்டை மருத்துவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் வைத்த பெயர் ரெட்ரோகிரேட் கிரைக்கோஃபாரிஞ்சியஸ் டிஸ்ஃபங்ஷன். நம் தலைவலி அங்கே ஆரம்பிக்கிறது.

முதலில் வந்த சொல்:

> பின்னோக்கு வளையத்தொண்டைத்தசைச் செயலிழப்பு

எழுதிய ஐயாவின் உழைப்புக்கு மரியாதை, ஆனால் இதை நோயாளி ஒரே மூச்சில் சொல்லி முடித்தால் அவருக்குத் தொண்டையில் கோளாறே இல்லை என்று டாக்டர் அனுப்பிவிடுவார். கேலி போகட்டும். இதில் பெரிய தப்பு நீளம் அல்ல, 'செயலிழப்பு'தான். அந்தத் தசை செயல் இழக்கவில்லை. உணவுக்குழலின் வாயைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருப்பதுதான் அதன் இயல்பான வேலை. விழுங்கும்போது ஒரு நொடி தளரும், ஏப்பத்துக்கும் வாந்திக்கும் அதேபோலத் தளர வேண்டும். இந்த நோயாளிகளுக்கு விழுங்கத் தளர்கிறது, கீழிருந்து காற்று வந்தால் மட்டும் தளர மறுக்கிறது. சரி, சிகிச்சை என்ன? அதே தசையில் போடாக்ஸ் ஊசி. நரம்பு முனையிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையை அது நிறுத்தி வைக்கிறது, தசை சில மாதம் தளர்ந்து கிடக்கிறது. ஆக, ஓரளவு செயலிழக்கச் செய்வதுதான் மருந்தே! நோய்க்கும் 'செயலிழப்பு', மருந்தின் வேலையும் 'செயலிழப்பு' என்றால் நோட்டீஸ் படிப்பவர் பாவம் இல்லையா?

'வளைய' பற்றியும் ஒரு வார்த்தை. ஆங்கிலப் பெயரில் உள்ள 'கிரைக்கோ'வுக்கு மூலம் கிரேக்கம், அதில் கிரிகோஸ் என்றால் வளையம், அதனால் சொல் சரிதான். ஆனால் பக்கத்திலேயே குரல்வளை இருக்கிறது. 'வளை', 'வளைய' என்று இரண்டும் ஒரே பத்தியில் வந்தால் குழப்பம். இந்தத் தசை ஒட்டியிருக்கும் குருத்தெலும்பு முன்னால் ஒடுங்கி, பின்னால் அகன்று, முத்திரை மோதிரம் மாதிரியே இருக்கும், அதனால் மோதிரக் குருத்தெலும்பு என்று போகலாம். தசைக்கு என் வீட்டிலேயே சொல் இருந்தது. பாட்டி இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பை. கயிற்றை இழுத்தால் வாய் மூடும், தளர்த்தினால் வெற்றிலையும் வரும் சில்லறையும் வரும். சுருக்குத்தசை என்பது நம் பாடநூல்களில் ஏற்கெனவே உள்ள சொல்தான், பாட்டியை நினைத்துக்கொண்டால் பொருளும் தானே விளங்குகிறது.

> ஏப்பத்தடை

சுருக்கம், அழகு. ஆனால் கருத்தடை என்றால் கருவைத் தடுப்பது. நாளைக்கே ஒருவர் மருந்துக்கடையில் போய் "ஏப்பத்தடை மாத்திரை ஒரு அட்டை குடுங்க" என்றால் கடைக்காரர் ஏப்பத்தை நிறுத்தும் மாத்திரையைத்தான் தேடுவார். புளியேப்பக்காரனுக்கு வேண்டிய சொல் அது, அவனுக்கே விட்டுவிடலாம்.

> ஏப்பமின்மை

தூக்கமின்மை மாதிரி எல்லோருக்கும் உடனே புரியும், நானும் முதலில் இதற்குத்தான் கைதூக்கினேன். மனம் மாறியது என் அக்கா மகளால். இந்த நோட்டீஸ் வேலையில் நான் இறங்கியதற்கும் அவள்தான் காரணம். வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூருக்குக் கல்லூரிக்குப் போய்வருகிறாள். வகுப்பு அமைதியாக இருக்கும்போது கழுத்தில் சத்தம் வந்துவிடுமோ என்று கடைசி பெஞ்சில் ஜன்னலோரமாக உட்காருவாளாம். இரண்டு வருஷம் வாய்வு, அமிலம் என்று மாத்திரை மேல் மாத்திரை. ஒரு டாக்டர் "எல்லாம் மனசுதான்" என்று எழுதிக்கொடுத்தார், எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். வீட்டுப் பெரியவர்கள் எப்போதும் செய்வதைச் செய்தோம், சோடா வாங்கிக் கொடுத்தோம். "மாமா, இனிமே எவனாவது சோடா குடுத்தா பாட்டிலாலயே அடிப்பேன்" என்று அழுதாள். கோலி சோடாவில் கேஸ் கோலியை மேலே தள்ளிக் கழுத்தை அடைக்கும் இல்லையா, யாராவது விரலால் அழுத்தும் வரை கேஸ் உள்ளேயேதான் இருக்கும். அவள் கழுத்தும் அந்த மாதிரி.

"உனக்கு ஏப்பமே வராதா?" என்று ஒருநாள் கேட்டேன். "வருது மாமா, விடத்தான் முடியல" என்றாள்.

அந்த ஒரு பதிலில் இலக்கணமே அடங்கியிருக்கிறது பாருங்கள். தமிழில் ஏப்பம் வரும், ஏப்பம் விடுவோம். வருவது காற்றின் வேலை, விடுவது தொண்டையின் வேலை. எல்லைக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்ற பேச்சே இல்லை, மலையாளத்திலும் ஏம்பக்கம் வரும், ஏம்பக்கம் விடும். 'இன்மை' என்றால் வருவதே இல்லை என்று ஆகிவிடுகிறது. இங்கே வருகிறது, வந்து வாசலில் நிற்கிறது.

அப்படியானால் 'விடு' என்ற வினையை வைத்துச் சொல் செய்யலாமே என்று நானே முயன்று பார்த்தேன். 'விடா ஏப்பம்' என்று எழுதி ஆசிரியர் அறையில் காட்டினேன். "ஐயோ, விடாம வந்துகிட்டே இருக்குமா?" என்றார் கணக்கு டீச்சர். விடாமழை, விடாமுயற்சி எல்லாம் அவர் பக்கம் நிற்கின்றன, நான் என்ன செய்ய. தம்பி ஒருவர் இங்கே போட்ட சொல்லை மட்டும் சும்மா கடந்து போக மனம் வரவில்லை:

> விடாக்கண்டன் கொடாக்கண்டன் இருக்கும்போது விடாக்கண்டம் என்று வைத்தால் என்ன? கண்டம் என்றால் தொண்டைதானே, நீலகண்டனைக் கேளுங்கள்.

ஒரு நாள் முழுக்க இதை நினைத்துச் சிரித்தேன், தம்பி. சொல்லாக்கம் என்ற அளவில் இந்த இழையிலேயே இதுதான் முதல். ஆனால் சோசியர் "பொண்ணுக்கு இருபதில் ஒரு கண்டம்" என்று சொல்லும் ஊரில் ஒரு பெண் பிள்ளையின் சீட்டில் 'கண்டம்' என்று எழுத முடியுமா? இன்னொன்று, எங்கள் பக்கம் கண்டம் என்றால் வயல். "கண்டம் வழி ஓடிக்கோ" என்று மலையாளத்துப் பையன்கள் கிண்டலடிப்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

என் சொல் இது: ஏப்பப்பூட்டு.

வாயைத் திறக்க முடியாமல் போவதற்கு வாய்ப்பூட்டு என்ற சொல் மக்களிடம் இருக்கிறது. அதே வார்ப்பு. பூட்டு என்றால் உள்ளே ஒன்று இருக்கிறது, வெளியே வர வழி இல்லை என்று பொருள் வந்துவிடுகிறது. பூட்டைத் திறக்கலாம் என்ற நம்பிக்கையும் அதிலேயே இருக்கிறது. பசியேப்பம், புளியேப்பம் என்று ஏற்கெனவே உள்ள குடும்பத்தில் இதுவும் போய் உட்கார்ந்துகொள்ளும். போடாக்ஸை 'பூட்டுத் தளர்த்தும் ஊசி' என்று சொல்லிவிடலாம். ஊசியின் வேகம் மூன்று மாதம் போல இருந்துவிட்டுக் குறைந்துவிடும். ஆனாலும் பலருக்கு அதற்குப் பிறகும் ஏப்பம் விட வருகிறது, அதற்குள் உடம்பு அந்த வித்தையைப் பழகிக்கொள்கிறது என்கிறார்கள். சிலருக்கு இரண்டாம் ஊசி வேண்டியிருக்கிறது. சாவி கையில் தங்கியது, தங்கவில்லை என்று இதையும் அதே சொல்லை வைத்தே விளக்கிவிடலாம்.

குறை என்ன என்று நீங்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், 'ப்பப்பூ' என்று உதடு இரண்டு தரம் ஒட்டுகிறது, கொஞ்சம் குழந்தைப் பேச்சு மாதிரி. பழகிவிடும் என்று நினைக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை வாத்தியார்

*

வாத்தியார் சார், வணக்கம்.

ஆந்திராவில் நகரிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன், காது மூக்கு தொண்டை ஓ.பி. பார்க்கிறவள். சொல் பிடித்திருக்கிறது, ஒரு பயம் மட்டும். எங்களிடம் வாய்ப்பூட்டு என்று வருகிறவர்களில் பலர் பாக்கு, குட்கா போட்டுக் கன்னம் உள்ளே நார்நாராக இறுகிப்போனவர்கள், அது பிற்பாடு புற்றாக மாறக்கூடிய நிலை. 'பூட்டு' என்றதும் அந்தக் குடும்பங்கள் புற்றுநோயைத்தான் நினைக்கும். ஏப்பப்பூட்டு அப்படி மாறுகிற நோய் அல்ல. நோட்டீஸில் அதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். கூடவே, விழுங்கச் சிரமம், மாறாத குரல் கரகரப்பு, கழுத்தில் கட்டி, எடை குறைவது இதில் ஏதாவது இருந்தால் இந்தப் பெயரை ஒட்டிக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டாம், உடனே வந்து காட்டச் சொல்லுங்கள். ஊசி போட்ட பிறகு சில வாரம் சாப்பாடு மெதுவாக இறங்கும், நெஞ்சில் நிற்பது போல இருக்கும், சின்னச் சின்ன வாயாகத் தண்ணீரோடு சாப்பிட வேண்டும். இதை முன்னாலேயே சொல்லாவிட்டால் "ஊசி போட்டுத் தொண்டையைக் கெடுத்துட்டாங்க" என்று வருவார்கள்.

அப்புறம், எங்கள் பக்கத் தெலுங்குக்காரர்கள் ஏப்பத்தைத் தேன்பு என்பார்கள். இதற்குத் தமிழில் உறவு இருக்கிறதா?

*

டாக்டரம்மா, இருக்கிறதே! பழைய தமிழில் தேக்கு என்றாலே ஏப்பம், தேக்கிடுதல் என்றால் ஏப்பமிடுதல். கன்னடத்தில் இன்றும் தேகு. நமக்கு மட்டும் அந்தப் பொருள் போய் அணையில் நிற்கும் தண்ணீர் மட்டும் மிஞ்சிவிட்டது. 'ஏப்பத்தேக்கம்' என்று வைத்தால் என்ன என்று ஒரு நிமிஷம் எனக்கே ஆசை வந்தது, அப்புறம் அகராதி தெரிந்தவர்கள் "ஏப்ப ஏப்பம்" என்று சிரிப்பார்களே என்று விட்டுவிட்டேன்.

நீங்கள் சொன்ன எச்சரிக்கைகள் அப்படியே போகின்றன. முதல் பத்தியை இப்படி வைத்திருக்கிறேன், தப்பிருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், அன்றைக்கு அச்சுக்குப் போகிறது:

"ஏப்பப்பூட்டு: ஏப்பம் வரும், விட முடியாது. கழுத்தில் களகளச் சத்தம், வயிறு உப்பல், நெஞ்சு இறுக்கம் இருக்கும். இது புற்றுநோய் அல்ல. இது மனப்பிரமையும் அல்ல. சோடா கொடுக்காதீர்கள்."

கடைசி வரி அக்கா மகள் சேர்த்தது. எடுக்கக் கூடாதாம்.