முகத்துக்கு நேரே ஒருவர் கேட்ட கேள்வி: உங்களுக்கும் உண்டா?

எல்லைக்காரன் (பாறசாலை)

வீடு பாறசாலைப் பக்கம், சபை களியக்காவிளை தாண்டி. அறுப்பின் பண்டிகையில் சபையார் படைக்கும் விளைச்சலைக் கோயிலுக்காக ஏலம் விடுவதைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். கடையில் அறுநூறு ரூபாய்க்குக் கிடைக்கிற ஏத்தன் வாழைக்குலையை மச்சானோடு போட்டி போட்டு 5,200 ரூபாய்க்கு எடுத்தேன். ஒலிபெருக்கியில் என் பேரை இரண்டு தடவை சொன்னார்கள். குலையைத் தோளில் வைத்துக்கொண்டு வெளியே வந்தால், சபையில் ஊழியம் செய்த பழைய உபதேசியார் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "மக்கா, பால் வெட்டுறவனுக்கு ரெண்டு மாசக் கூலி குடுத்தாச்சா?"

என் ரப்பர் மரங்களில் பால் வெட்டுகிறவருக்குக் கொடுக்கவில்லை. விலை ஏறட்டும் என்று ரப்பர் ஷீட்டை விற்காமல் வைத்திருந்தேன், கூலியும் அப்படியே நின்றது. ஏலத்துக்கு மட்டும் பணம் இருந்தது. "ஆண்டவருக்குக் குடுத்ததுக்குக் கணக்குக் கேக்க நீங்க ஆரு?" என்று கத்திவிட்டேன். "யாக்கோபு அஞ்சு, நாலு" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். வீட்டுக்குப் போய் பைபிளை எடுத்துப் பார்த்தேன். வயலை அறுத்த வேலைக்காரனுக்குக் கொடுக்காமல் பிடித்த கூலி கூக்குரலிடுகிறது என்று இருக்கிறது. அறுப்பின் பண்டிகை அன்றைக்கு!

கூலியை மறுநாளே கொடுத்தேன். ஆனால் கோபத்தில் மூன்று மாதம் கோயில் பக்கம் போகவில்லை. அந்த வெள்ளைச் சட்டையில் வாழைக்கறை இன்னும் இருக்கிறது, எதில் துவைத்தாலும் போகாது, தெரியும்தானே. இப்போது ஜெபிக்க உட்கார்ந்தால் முதலில் யாருக்கு என்ன பாக்கி என்பதுதான் நினைவுக்கு வருகிறது. இது வளர்ச்சியா, வெறும் உறுத்தலா என்று புரியாமல்தான் எழுதுகிறேன்.

கட்டன்சாயா (மூணாறு)

ஆண்டவர் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்ல எனக்கு நன்றாக வரும். மகன் நிமோனியாவில் கிடந்து பிழைத்ததை ஜெபக் கூட்டங்களில் ஐந்தாறு தடவை சொல்லியிருப்பேன். சொல்லச் சொல்லக் கதை கொஞ்சம் வளர்ந்தது, மறைப்பானேன். ஒருநாள் கொழுந்து எடை போடும் வரிசையில் கூட்டுக்காரி கேட்டாள்: "நீ ஜெபிச்ச, அவன் பிழைச்சான். கீழ் லயத்து அக்கா ஜெபிக்கலையா?"

எஸ்டேட்டில் கீழ் வரிசை வீட்டில் இருக்கிற அந்த அக்காவின் மகள் அதே மாதம் காய்ச்சலில் போனவள்.

பதில் சொல்லத் தெரியவில்லை. அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன், எட்டு மாதத்தில் முதல் தடவை. கட்டன்சாயா போட்டுத் தந்தார், சீனி போட மறந்துவிட்டார். நானும் கேட்கவில்லை. இரண்டு பேரும் பேசாமல் குடித்தோம்.

மாற்கு 9-ல் நோயாளிப் பையனின் தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறுகிறானே, முன்பெல்லாம் அதை அவசரமாகத் தாண்டிவிடுவேன். இப்போது அங்கேயே நின்றுவிடுகிறேன். சாட்சி சொல்வதை விட்டு ஒரு வருடம் ஆகிறது.

நேர்வழி

எல்லைக்காரன் அண்ணே, உபதேசியார் செய்தது தப்பு. மத்தேயு 18:15 என்ன சொல்கிறது? அவனும் நீயும் தனித்திருக்கையில் குற்றத்தை உணர்த்து என்கிறது. கோயில் வாசலில், நாலு பேர் பார்க்க, தோளில் குலையோடு நிற்பவனிடம் கேட்பதா? அப்புறம் கூலி விஷயம். மாதக் கணக்கு வைக்காதீர்கள். சனிக்கிழமை சனிக்கிழமை கொடுத்துவிடுங்கள். ஷீட் விற்கிற பணத்தில் கூலிக்கு முதலிலேயே ஒரு பங்கை எடுத்துத் தனியாக வையுங்கள். ஒரு நோட்டுப் போடுங்கள், வெட்டுகிறவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். மரத்திலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டியிருக்கிற ஒட்டுப்பால் யாருக்கு என்பதையும் முதலிலேயே பேசிவிட வேண்டும், பாதிச் சண்டை அதில்தான் வருகிறது. ஏலத்துக்குப் போகுமுன் இவ்வளவுதான் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

எனக்கும் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் ஒரு பையன், "சார், நீங்க வீட்டுல ஜெபிப்பீங்களா?" என்று கேட்டான். வெளியே போய் நிற்கச் சொன்னேன். அது வேறு விஷயம்.

பழையகோயில் (நெய்யாற்றின்கரை)

நேர்வழி, பவுல் பேதுருவைத் தனியாகக் கூப்பிட்டா சொன்னார்? கலாத்தியர் 2-ஐப் பாருங்கள், "எல்லாருக்கும் முன்பாக" என்றே இருக்கிறது. புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்ட பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் மெல்ல விலகிக்கொண்டார். பந்தி விவகாரம்! நமக்கா புரியாது? திருவிதாங்கூரில் மார்பை மறைக்கக் கூடாது என்ற சாதித் தடையை மீறி நம் பாட்டிமார் அடி வாங்கிக்கொண்டு தோள்சீலை போட்டு நடந்தார்களே, அது தனியறையில் கேட்ட கேள்வியா? 1859-ல் அதை அனுமதித்த ராஜாவின் உத்தரவு சும்மா வரவில்லை. மத்தேயு 18 'உனக்கு விரோதமாய்' செய்த குற்றத்துக்கு. இங்கே பாதிக்கப்பட்டது உபதேசியார் இல்லை, பால் வெட்டுகிறவர்.

இவ்வளவு பேசுகிற என் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணப் பந்தியில் எங்கள் வீட்டு வேலைக்கார அம்மாவுக்குப் பக்கத்து இலை காலியாக இருந்தது. நான் வேறு வரிசைக்கு நகர்ந்தேன். பருப்பு வாளியோடு வந்த என் மருமகள், "மாமா, இங்க இலை போட்டாச்சே" என்றாள். அவ்வளவுதான். திரும்பி வந்து உட்கார்ந்தேன். பப்படம் நொறுக்கும்போது கை நடுங்கியது. அந்த அம்மா இருபது வருடமாக எங்கள் வீட்டில் சமைக்கிறவர். சோற்றில் அவருக்குப் புளிசேரி பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

எல்லைக்காரன்

நேர்வழி, நோட்டுப் போட்டாயிற்று. உபதேசியாரிடம் இன்னும் பேசவில்லை, அவர் எதிரே வந்தால் நான்தான் கடைக்குள் நுழைந்துவிடுகிறேன். அது இருக்கட்டும், அந்தப் பையனுக்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?

நேர்வழி

சொல்லவில்லை. இப்போது பத்தாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை வருவான்.