பழைய மர அலமாரி: புழங்க வாங்கலாமா, பார்க்க மட்டும்தானா?

நூலடுக்கு:
வீட்டுக்கு மூன்று சாமான் வேண்டும். துணிக்கு ஓர் அலமாரி, புத்தகத்துக்குக் கண்ணாடிக் கதவு வைத்த ஒன்று, சில்லறைப் பொருள்களுக்கு இழுப்பறைகள் உள்ள ஒன்று. மூன்றையும் பழங்காலத்து மரச் சாமானாகவே வாங்க ஆசை. நடக்கப் பழகும் குழந்தை இருக்கும் வீட்டில் அதெல்லாம் வேண்டாம் என்கிறார்கள். வாங்கலாமா? வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது?

இழைப்புளி:
தாராளமாக வாங்குங்கள். முன்பக்கச் செதுக்கு வேலையை மட்டும் கடைசியில் பாருங்கள். முதலில் ஓர் இழுப்பறையை முழுசாக உருவிக் கவிழ்த்துப் பாருங்கள். மூலையில் பலகைகள் கோத்திருக்கும் பற்கள், அதாவது டவ்டெயில், கையால் வெட்டியவை என்றால் ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறியிருக்கும். அளவுக்காகக் கீறிய மெல்லிய கோடுகூடப் பக்கப் பலகையில் அழியாமல் தெரியும். எல்லாப் பல்லும் ஒரே அளவு என்றால் எந்திர வேலை. அது பரவலானது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். அடிப்பலகையில் வளைந்த ரம்பத் தடம் இருந்தால் வட்ட ரம்பத்தில் அறுத்த பலகை. நட்சத்திரத் தலைத் திருகாணி 1930-களில் சந்தைக்கு வந்தது. 200 வருஷப் பழசு என்று சொல்லும் பெட்டியில் அது இருந்தால், அந்த இடத்திலாவது பிற்பாடு யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

மரம் அகலவாக்கில் சுருங்கும், நீளவாக்கில் கிட்டத்தட்டச் சுருங்காது. அதனால் பின்பலகைகளுக்கு நடுவே சின்ன இடைவெளி விழுந்திருப்பது குறையே இல்லை.

அளவுகோல்:
இழைப்புளி சார், நீங்கள் சொன்னதெல்லாம் வயசைக் கண்டுபிடிக்கும் வழி. அவர் கேட்பது புழங்குவதற்கு. வயசு தெரிந்து என்ன ஆகப் போகிறது?

துணி அலமாரியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹேங்கரில் சட்டை மாட்ட உள் ஆழம் 55 செ.மீ. ஆவது வேண்டும். பழைய அலமாரிகள் பலவும் துணியை மடித்து அடுக்கவோ கொக்கியில் தொங்கவிடவோ செய்தவை. 40, 45 செ.மீ. ஆழம்தான் இருக்கும். கம்பி போட்டால் கதவு மூடாது. அப்புறம் அது வாசலில் நுழையுமா, மாடிப்படித் திருப்பத்தில் திரும்புமா என்பது வேறு.

முக்கியமானது குழந்தை. கீழ் இழுப்பறைகளைத் திறந்து அதன் மேலேயே ஏறினால் பெட்டி அப்படியே குடைசாயும். அமெரிக்காவில் புதுசாகச் செய்யும் உடைப் பெட்டிகள் கவிழாமல் நிற்கின்றனவா என்று சோதிக்க வேண்டும் என்று 2022-ல் சட்டமே போட்டார்கள். பழைய சாமான் எதுவும் அப்படிச் சோதனைக்குப் போய் வந்ததில்லை. பழைய பெயின்ட்டில் ஈயமும் இருக்கலாம். அங்கே வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்குத் தடை வந்ததே 1978-ல்தான்.

இழைப்புளி:
ஈய விஷயத்தில் நான் உங்கள் பக்கம். பழைய பெயின்ட் உரிந்துகொண்டிருக்கும் சாமானைக் குழந்தை இருக்கும் வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது அதைவிட மோசம், தூள் வீடு முழுக்கப் பரவும்.

ஆனால் "வயசு தெரிந்து என்ன" என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். எப்படிப் பழுது பார்ப்பது என்பதை வயசுதான் சொல்லும். பழைய தச்சு வேலையில் ஒட்டியது வஜ்ஜிரம், அதாவது விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை. சூடும் ஈரமும் காட்டினால் இளகிவிடும். ஆடும் காலைக் கழற்றி, சுத்தம் செய்து, திரும்ப ஒட்டலாம். இப்போதைய செயற்கைப் பசையில் ஒட்டிய இணைப்பைக் கழற்றப் போனால் பெரும்பாலும் மரம்தான் பிளக்கும். நீங்கள் சிபாரிசு செய்யப் போகும், மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பார்ட்டிகிள் போர்டு அலமாரியில் கீல் ஒருமுறை பிய்ந்து வந்தால் அதே துளையில் திருகாணி பிடிக்காது. தண்ணீர் பட்டு உப்பினால் உப்பினதுதான். அதை எத்தனை வருஷம் வைத்திருப்பீர்கள்?

அளவுகோல்:
பார்ட்டிகிள் போர்டு வாங்கச் சொல்லி நான் எங்கே எழுதினேன்? நல்ல பிளைவுட்டில், வேண்டிய அளவுக்குச் செய்துகொள்ளலாம் என்பதுதான் என் கட்சி. பழையது அழகாக இருக்கிறது என்பதற்காக நம் துணியையும் புத்தகத்தையும் அதற்குத் தகுந்தாற்போல் மாற்ற முடியாது.

மாடிப்படி:
இரண்டு பேரும் உளுவை, அதாவது மரத்தைத் துளைக்கும் பூச்சியை விட்டுவிட்டீர்களே! ஓட்டையைப் பார்த்ததும் பயப்பட வேண்டாம். அது பூச்சி வெளியே போன வழி. மரச்சாமான் வண்டின் ஓட்டை 1.5 முதல் 2 மி.மீ. இருக்கும். அதன் புழு மரத்துக்குள்ளேயே சில வருஷம் தின்றுகொண்டிருந்துவிட்டு, வண்டாகித்தான் வெளியே வரும். அதனால் ஓட்டையே இல்லாத மரத்திலும் புழு இருக்கலாம், ஓட்டை நிறைந்த மரம் எப்போதோ காலியாகியும் இருக்கலாம்.

பார்க்க வேண்டியது தூளை. அலமாரிக்குக் கீழே கறுப்புக் காகிதம் விரித்து, லேசாகத் தட்டிவிட்டுச் சில வாரம் விடுங்கள். வெளிறிய புதுத் தூள் கொட்டினால் உள்ளே உயிர் இருக்கிறது. பின்பலகை, கால்களின் அடி, மரத்தின் வெளிர்ப் பகுதி இந்த மூன்றையும் விடாமல் பாருங்கள். வைரம் பாய்ந்த பகுதியைப் பூச்சி அவ்வளவாகத் தொடாது. நகத்தால் அழுத்தினால் உள்ளே போகிறது என்றால் விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள், பக்கத்துச் சாமானுக்கும் பரவும்.

நூலடுக்கு:
நன்றி மாடிப்படி அக்கா. ஒரு புத்தக அலமாரி கண்ணில் பட்டிருக்கிறது. பாலிஷ் கறுத்துக் கிடக்கிறது. முழுசாகச் சுரண்டிப் புதுசாக அடித்துவிடலாமா?

அளவுகோல்:
அடித்துவிடுங்கள். பிசுபிசுக்கும் பாலிஷில் புத்தக அட்டை ஒட்டிக்கொள்ளும். புழங்கும் சாமான் கைக்கு இதமாக இருக்க வேண்டும்.

இழைப்புளி:
தயவுசெய்து சுரண்டாதீர்கள்! கறுப்பு பெரும்பாலும் மேலே படிந்த அழுக்கும் பழைய மெழுகும்தான். மறைவான இடத்தில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். இளகி ஒட்டினால் அது அரக்கு பாலிஷ். அழுக்கை எடுத்துவிட்டு, அதன் மேலேயே மெல்லிசாகப் புது அரக்கு ஏற்றலாம், இரண்டும் கலந்துகொள்ளும். சுரண்டினால் பல தலைமுறை வெளிச்சத்தில் ஏறிய நிறம் போய்விடும், மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடு, அதாவது வெனீர் இருந்தால் அதுவும் தேய்ந்துவிடும். போனது திரும்பாது.

அளவுகோல்:
சரி, வெளிப்பக்கத்தை விட்டுவிடுவோம். உள்தட்டு யார் கண்ணிலும் படாதது. அதையாவது சுத்தமாக்கி, நன்றாகக் காயவிட்டுப் புத்தகம் வைக்கட்டும். தட்டின் நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள் நூலடுக்கு. அதே பாரத்துக்குத் தாங்கல்களின் இடைவெளி இரண்டு மடங்கானால் தொய்வு எட்டு மடங்காகும். பெரிய புத்தகங்களை நெருக்கி அடுக்கினால் ஒரு மீட்டருக்கு 30 கிலோ சாதாரணமாக வரும். பீங்கான் அடுக்கச் செய்த தட்டு அதற்குத் தாங்காது. நடுவில் ஒரு முட்டு கொடுங்கள்.

அலமாரி எதுவானாலும் சுவரோடு பிணைத்துத் திருகாணி போட வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இழைப்புளி:
பழைய மரத்தில் புதுத் துளை போடுவது எனக்குப் பிடிக்காது. ஆனாலும் குழந்தை இருக்கும் வீட்டில் போடத்தான் வேண்டும். பின்பலகையில் மட்டும் போடாதீர்கள், அது 8, 10 மி.மீ. பலகை, இழுத்தால் பிய்ந்து வந்துவிடும். பக்கத்துக்கு ஒன்றாக, மேல் சட்டத்தின் கெட்டியான பாகத்தில் போடுங்கள். திருகாணியைவிடச் சற்றுச் சின்ன துளையை முதலில் இட்டுக்கொண்டு முடுக்குங்கள், மரம் வெடிக்காது. திருகாணியின் மறுமுனை சுவரில் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் இறங்க வேண்டும்.