1274 சாமுராய் உருவம்: கவசம் பற்றி உதவி வேண்டும்

நண்பர்களே, 1274-இல் மங்கோலியப் படை ஜப்பானின் ஹகாட்டா விரிகுடாவில் இறங்கியபோது எதிர்த்து நின்ற ஒரு சாமுராயை 75 மில்லிமீட்டர் உயரத்தில் எபாக்ஸி புட்டியில் செய்துகொண்டிருக்கிறேன். கவசத்தில் இரண்டு இடங்களில் உங்கள் உதவி வேண்டும்.

கடையில் கிடைக்கும் உருவங்கள் பலவற்றில் காலம் குழம்பிக் கிடக்கிறது. பெட்டியில் 13-ஆம் நூற்றாண்டு என்று எழுதியிருக்கும். உள்ளே இருப்பதோ துப்பாக்கி வந்த பிறகு, 16-ஆம் நூற்றாண்டில் பரவிய கவசம். வாளையும் கூர்ப்பக்கம் மேலே பார்க்க இடுப்புக் கச்சையில் செருகிவிடுகிறார்கள். அந்தக் காலக் குதிரை வீரன் தாச்சி வாளைக் கூர்ப்பக்கம் கீழே பார்க்கத் தொங்கவிட்டான். வில்லும் அப்படித்தான்: நீளம் இரண்டு மீட்டருக்கு மேல், பிடி நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருக்க வேண்டும். இதையெல்லாம் கண்டும் காணாமல் விட எனக்கு மனசு வரவில்லை.

சரி, என் கேள்விகள். அந்தக் காலக் குதிரை வீரர்கள் அணிந்த ஓ-யோரோய் கவசத்தின் வலப்பக்கத்தை மூடும் தனித்துண்டு, வைதாதே. அதன் கயிற்று முடிச்சு இடுப்பில் எந்த இடத்தில் விழும்? எனக்குக் கிடைத்த படங்கள் எல்லாம் முன்பக்கம்தான். ஓமிஷிமா தீவின் ஓயாமாசுமி கோயில் கவசங்களை நேரில் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அப்புறம், வில் பிடிப்பவர்கள் முதலில் இடக்கைக்கு மட்டும் கைக்கவசம் போட்டார்கள், பிறகு இரண்டு கைக்கும். 1274-க்கு எது பொருந்தும்? அந்தப் போரில் சண்டையிட்ட தாகேசாகி சுயெனாகா வரையச் செய்த ஓவியச் சுருளை நெருக்கமாகப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். வலக்கையை இன்னும் தொடாமல் வைத்திருக்கிறேன்.