கீழக்கரை வீட்டு லேண்ட்லைனை ஃபைபருக்கு மாற்றுவது: பழைய நம்பர், பழைய வயரிங், கரண்ட் கட்

கடற்கரைத் தெரு (கேள்வி)

கீழக்கரையில் வாப்பாவும் உம்மாவும் இருக்கும் வீட்டுக்காகக் கேட்கிறேன். பிஎஸ்என்எல் லேண்ட்லைன், 04567-இல் தொடங்கும் பழைய நம்பர். துபாயிலும் தம்மாமிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அந்த நம்பர்தான் மனப்பாடம். இப்போது செம்புக் கம்பியை எடுத்துவிட்டு ஃபைபர் போடப் போகிறோம். போனும் அதே ஃபைபரில், இணையம் வழியாகத்தான் ஓடுமாம்.

பழைய நம்பரைக் காப்பாற்ற என்ன செய்ய வேண்டும்? ஹாலில் ஒன்று, அடுப்படியில் ஒன்று, மாடியில் ஒன்று என மூன்று போன் ஒரே லைனில் பேரலலாக இருக்கிறது. அந்த வயரிங்கை அப்படியே பயன்படுத்தலாமா? கரண்ட் போனால் போன் பேச முடியுமா? வளைகுடாவிலிருந்து வரும் அழைப்பில் ஏதாவது மாறுமா?

எக்ஸ்சேஞ்ச் ரோடு

முதலில் நம்பர். லேண்ட்லைனைச் சரண்டர் பண்ணிவிட்டுப் புதிதாக ஃபைபர் கேட்காதீர்கள் பாய். சரண்டர் ஆனால் நம்பர் கையை விட்டுப் போய்விடும். விண்ணப்பத்தில் "இருக்கும் லேண்ட்லைனை இதே எண்ணோடு ஃபைபருக்கு மாற்றித் தரவும்" என்று தெளிவாக எழுதி, முத்திரை வைத்த நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பு வாப்பா பெயரில் இருந்தால் வாப்பாதான் கையெழுத்துப் போட வேண்டும். ஃபைபரில் அந்த நம்பர் மணி அடித்த பிறகு, செம்புக் கம்பி பில் நின்றுவிட்டதா, பழைய டெபாசிட் கணக்கில் சேர்ந்ததா என்று பாருங்கள்.

இதே நம்பரோடு வேறு கம்பெனிக்குப் போக வழியில்லை. நம்பர் மாறாமல் கம்பெனி மாறும் வசதி நம் நாட்டில் செல்போனுக்கு மட்டும்தான். ஜியோவோ ஏர்டெல்லோ ஃபைபர் போட்டால் லேண்ட்லைனுக்குப் புது நம்பர்தான் வரும். நம்பர்தான் முக்கியம் என்றால் பிஎஸ்என்எல் ஃபைபரிலேயே இருங்கள்.

அடுத்தது வயரிங். இதில்தான் பெட்டியை எரித்துவிடுகிறார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

ஃபைபர் வந்து சேரும் பெட்டிக்கு ஓஎன்டி என்று பெயர். பின்பக்கம் நெட் கேபிளுக்கான அகலத் துளைகளுக்குப் பக்கத்தில் அதைவிடச் சின்னதாக ஒரு துளை இருக்கும். 'டெல்' அல்லது 'பாட்ஸ்' என்று எழுதியிருக்கும். சாதாரண போன் வயர் அதில் ஏறும். பழைய போன் செட்டையே போடலாம், புது போன் வாங்க வேண்டியதில்லை. இதுவரை டயல் டோனும் மணி அடிக்கும் மின்சாரமும் எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்தன. இனி இரண்டையும் கொடுப்பது இந்தப் பெட்டி. அதாவது வீட்டுக்குள்ளேயே ஒரு சின்ன எக்ஸ்சேஞ்ச் உட்கார்ந்திருக்கிறது. பழைய எக்ஸ்சேஞ்ச் கம்பியும் இதுவும் ஒரே வயரில் சந்தித்தால் ஓஎன்டியின் போன் போர்ட் போய்விடும். நெட் ஓடும், போன் மட்டும் செத்துக் கிடக்கும். பலர் அதை நெட்வொர்க் கோளாறு என்றே நினைப்பார்கள்.

ஆகவே வரிசை இதுதான். தெருவிலிருந்து செம்புக் கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ரோசெட் பெட்டி இருக்கும். அதைத் திறந்து, வெளியிலிருந்து வரும் இரண்டு கம்பிகளையும் திருகிலிருந்து கழற்றி, ஒன்றோடொன்று படாமல் தனித்தனியாக டேப் சுற்றிவிடுங்கள். வீட்டுக்குள் போகும் வயர்கள் திருகிலேயே இருக்கட்டும். பிறகு மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒவ்வொரு ஜாக்கிலும் பாருங்கள். 48 வோல்ட்டை ஒட்டி ஏதாவது காட்டினால் எக்ஸ்சேஞ்ச் கம்பி இன்னும் எங்கோ சேர்ந்திருக்கிறது. எல்லாவற்றிலும் பூஜ்யம் என்றால் சரி. அதற்குப் பிறகு ஓஎன்டி போன் போர்ட்டிலிருந்து ஒரு வயரை எந்த ஜாக்கில் சொருகினாலும் மூன்று போனுக்கும் டோன் வரும்.

பழைய பிராட்பேண்டுக்கு வைத்த ஸ்பிளிட்டர் (போனையும் நெட்டையும் பிரிக்கும் சின்னப் பெட்டி) எங்காவது இருந்தால் எடுத்துவிடுங்கள், இனி அதற்கு வேலை இல்லை. மணி அடிக்கும்போது லைனில் 75 வோல்ட் வரை ஏறும். அதனால் திருகைத் தொடும் முன் ஓஎன்டியை அணைத்துவிடுங்கள்.

மூன்று எலக்ட்ரானிக் போன் தாங்கும். உள்ளே உண்மையான மணி இருக்கும் பழைய கனத்த செட் என்றால் ஒன்றோடு நிறுத்துங்கள், பெட்டியால் அவ்வளவு மணிக்கு மின்சாரம் தர முடியாது. சுழற்றும் டயல் போன்கள் பெரும்பாலான ஓஎன்டிகளில் அழைப்பு எடுக்க மட்டுமே உதவும், டயல் செய்ய முடியாது. பட்டன் போனில் அடியில் 'பி - டி' ஸ்விட்ச் இருந்தால் 'டி' பக்கம் தள்ளுங்கள். டோன் வந்தும் நம்பர் போகவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது அந்த ஸ்விட்சைத்தான்.

பாம்பன் வாடை

கரண்ட் பற்றி நான் சொல்கிறேன். செம்புக் கம்பியில் மின்சாரம் எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்தே வந்தது. அதனால் ஊரே இருட்டாக இருந்தாலும் போன் பேசியது. ஃபைபரில் வருவது வெறும் ஒளி. கரண்ட் போன அந்த நொடியே ஓஎன்டி அணையும், போனும் அணையும். 112 கூடப் போகாது. வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் இதை முதல் நாளே சரிசெய்துவிட வேண்டும்.

ஓஎன்டியின் அடாப்டரில் 12 வோல்ட், 1 அல்லது 1.5 ஆம்ப் என்று போட்டிருக்கும். அது உச்ச அளவு. ஓடும்போது 10 வாட்டுக்குள் எடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் பெட்டியை ஓட்ட மினி யூபிஎஸ் என்ற சின்ன பேட்டரிப் பெட்டி கிடைக்கும். அதில் 8,000 எம்ஏஎச் என்று அச்சடித்திருந்தால் அது பெரும்பாலும் 3.7 வோல்ட் செல்லுக்கான கணக்கு. 8 × 3.7 = 29.6 வாட்-மணி. 12 வோல்ட்டாக மாற்றும் இழப்பு போக 25 நிற்கும். 10 வாட் பெட்டி இரண்டரை மணி நேரம் ஓடும். வாங்கும்போது 12 வோல்ட் வெளியீடுதானா, பின் அளவு 5.5 × 2.1 மில்லிமீட்டரா 5.5 × 2.5-ஆ என்று பழைய அடாப்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2.1 துளை உள்ள பின், பெட்டிக்குள் இருக்கும் 2.5 ஊசி மேல் ஏறாது. தலைகீழாக, 2.5 துளை உள்ள பின் 2.1 ஊசி மேல் தளர்வாக நிற்கும், ஆடினாலே பெட்டி அணைந்து ரீஸ்டார்ட் ஆகும்.

மாதாந்திரப் பராமரிப்புக்கு காலை 9-லிருந்து மாலை 5 வரை கரண்ட் நிறுத்தும் நாளில் மினி யூபிஎஸ் மட்டும் போதாது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ஓஎன்டி சொருகும் பிளக்கை அந்த லைனுக்கு மாற்றச் சொல்லுங்கள். 150 ஏஎச் பேட்டரியில் 1,800 வாட்-மணி இருக்கிறது, 10 வாட் அதற்குப் பொருட்டே இல்லை. ஆனால் கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் அந்தக் கண்ணிமைப்பில் சில ஓஎன்டிகள் அணைந்து மறுபடி எழும். போன் திரும்ப உயிர் பெற இரண்டு மூன்று நிமிடம் ஆகும். இன்வெர்ட்டர் பிளக்கில் மினி யூபிஎஸ், அதில் ஓஎன்டி என்று வைத்தால் அந்தத் தொல்லையும் இல்லை.

இன்னொன்றை யாரும் கேட்பதில்லை. உங்கள் தெருவுக்கு ஃபைபர் கொடுக்கும் மெஷின், அதாவது ஓஎல்டி, எங்கே இருக்கிறது? எக்ஸ்சேஞ்சிலா, உள்ளூர் பார்ட்னரின் கடை அறையிலா? அங்கே எத்தனை மணி நேரத்துக்கு பேட்டரி? அங்கே கரண்ட் நின்றால் உங்கள் வீட்டில் எத்தனை யூபிஎஸ் இருந்தும் பயனில்லை. இணைப்பு போட வருபவரிடம் இதை நேரடியாகக் கேளுங்கள்.

கடற்கரைத் தெரு

மிக்க நன்றி. தம்பி ரோசெட்டைத் திறந்து பார்த்தான். எக்ஸ்சேஞ்ச் கம்பியைக் கழற்றிய பிறகும் மாடி ஜாக்கில் 49 வோல்ட் காட்டுகிறது, ஹால் ஜாக்கில் பூஜ்யம். திருகெல்லாம் பச்சையாகப் பூத்திருக்கிறது. ஃபைபர் வயரை எந்தப் பக்கமாக எடுத்துவரச் சொல்வது என்றும் சொல்லுங்கள். வீட்டுக்குக் கிழக்கே மூன்று பனை நிற்கிறது.

எக்ஸ்சேஞ்ச் ரோடு

மாடிக்குப் போகும் வயர் ரோசெட்டிலிருந்து போகவில்லை, அதற்கு முன்பே வெளியில் எங்கோ இணைத்திருக்கிறார்கள். சன்ஷேடுக்கு அடியிலோ போர்டிகோ மூலையிலோ டேப் சுற்றிய ஒரு முடிச்சு இருக்கும், தேடச் சொல்லுங்கள். அங்கே தெருக் கம்பியைப் பிரித்து, மாடி வயரை ரோசெட்டின் உள்பக்கத் திருகுக்குக் கொண்டுவர வேண்டும். அது முடியாவிட்டால் மாடி வயரை விட்டுவிட்டு ஹாலில் ஒரு கார்ட்லெஸ் பேஸ், மாடிக்கு ஒரு ஹேண்ட்செட் என்று முடித்துக்கொள்ளுங்கள். பூஜ்யம் காட்டும் வரை ஓஎன்டி வயரை எதிலும் சொருகாதீர்கள்.

பச்சைக் களிம்பு உப்புக் காற்றின் வேலை. நம் கரையில் திறந்து கிடக்கும் செம்பு எல்லாம் இப்படித்தான் ஆகும். அதைத் துடைத்துவிட்டு அதே நுனியை மாட்டினால் கொஞ்ச நாளில் கரகரப்பு வந்துவிடும். நுனியை ஒரு அங்குலம் வெட்டி எறிந்து, உள்ளே செம்பு பளபளவென்று தெரியும் இடம்வரை உரித்து, புது ரோசெட்டில் மாட்டுங்கள். கரகரப்பு என்றதும் ஃபைபரைக் குறை சொல்வார்கள். ஃபைபர் வழி வரும் குரலில் கரகரப்பு வராது, கோளாறு என்றால் விட்டுவிட்டுக் கேட்கும். கரகரப்பு வந்தால் வீட்டு வயரில் தேடுங்கள்.

மண்டபம் கேம்ப்

ஃபைபர் வயர் பனைப் பக்கம் வேண்டவே வேண்டாம். கச்சான் காற்றில் காய்ந்த மட்டை கீழே வரும்போது கருக்கு வயரில் விழுந்தால் மேல் தோல் கிழியும், உள்ளே இருக்கும் கண்ணாடி இழை ஒடியும். மரத்தில் கட்டிய வயர் மரத்தோடு ஆடி, கட்டிய இடத்திலேயே மடங்கும். கம்பத்திலிருந்து நேராகச் சுவருக்கு, இடையில் ஜாயிண்ட் இல்லாமல் ஒரே நீளமாக எடுக்கச் சொல்லுங்கள். கிளாம்பும் கட்டுக்கம்பியும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும், சாதாரணக் கம்பி இந்தக் காற்றில் துருப்பிடித்து அறுந்துவிடும். சுவரில் நுழையும் முன் வயர் ஒரு முறை கீழே தொங்கி மேலே ஏறட்டும், ஐப்பசி மழைத் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். ஓட்டை வெளிப்பக்கம் சரிந்து இருக்க வேண்டும், சிலிகான் அடைக்க வேண்டும். மிச்ச வயரை இறுக்கிச் சுருட்டி ஆணியில் மாட்டக் கூடாது. டீ சாஸர் அளவுக்குக் குறையாத வட்டமாக விடுங்கள்.

வேலை முடிந்ததும் வயரில் வரும் ஒளியின் அளவைப் பவர் மீட்டரில் காட்டச் சொல்லி எழுதி வையுங்கள். மைனஸ் 18-லிருந்து மைனஸ் 24 டிபிஎம் வரை நல்லது. மைனஸ் 27-ஐத் தாண்டினால் மழைக்கு மழை அறுபடும். ஒவ்வொரு 3 டிபி குறைவும் ஒளி பாதியாவது. பிறகு எப்போதாவது கோளாறு வந்தால் அன்றைய அளவை இதோடு ஒப்பிட்டாலே வயரா, வேறா என்று தெரிந்துவிடும். 'லாஸ்' லைட் சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை. வயர் அறுந்திருக்கலாம், ஓஎல்டி அணைந்திருக்கலாம். பக்கத்து வீட்டிலும் சிவப்பு என்றால் உங்கள் வயரில் குற்றமில்லை.

தொண்டி ரோடு

வளைகுடா பற்றிக் கேட்டிருந்தீர்கள். உள்ளே வரும் அழைப்பில் எதுவும் மாறாது. அவர்கள் வழக்கம்போல 91, பிறகு பூஜ்யம் இல்லாமல் 4567, பிறகு நம்பர். அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புக்குத் தடை இருப்பதால் அங்கிருந்து லேண்ட்லைனுக்கு அடிப்பவர்கள் இன்னும் நிறைய. இங்கிருந்து அங்கே அடிக்க ஐஎஸ்டி தனியாகத் திறந்திருக்க வேண்டும், நிமிடக் கட்டணமும் உண்டு. உள்நாட்டு அழைப்பு இலவசம் என்ற பிளானில் இது சேராது. வேண்டாமென்றால் மூடியே வைக்கச் சொல்லுங்கள்.

வெளிநாட்டு அழைப்பை உள்ளூர் நம்பர் போல இறக்கித் தரும் பெட்டியோ சிம் வைத்த மெஷினோ மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது வந்தால் வீட்டில் வைக்க விடாதீர்கள். உரிமம் இல்லாமல் அப்படிச் செய்வது குற்றம், கேஸ் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்மேல்தான் வரும்.

2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து எந்த செல்போனுக்கும் முன்னால் 0 போட வேண்டும். ஃபைபர் போனுக்கும் அதே விதிதான். போன் மெமரியில் உம்மா சேமித்திருக்கும் நம்பர்களில் 0 இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

போட வந்தவர் கிளம்பும் முன் அவர் முன்னாலேயே செய்ய வேண்டியது: செல்லுக்கு ஒரு அழைப்பு, செல்லிலிருந்து 04567 போட்டு ஒரு அழைப்பு, ஐந்து நிமிடம் விடாமல் ஒரு பேச்சு. இரண்டு பக்கமும் குரல் கேட்க வேண்டும், போன் திரையில் அழைப்பவர் நம்பர் தெரிய வேண்டும். நம்பர் தெரியவில்லை என்றால் ஓஎன்டியில் காலர் ஐடி முறையை எஃப்எஸ்கே, டிடிஎம்எஃப் என்று மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ரிசீவரை எடுத்ததும் டயல் டோனுக்குப் பதில் பிஸி டோன் வந்தால் நம்பர் சர்வரில் பதிவாகவில்லை என்று அர்த்தம். அதை அவர்கள் பக்கம்தான் சரிசெய்ய முடியும், அது முடியும் வரை வேலை முடிந்ததாகக் கையெழுத்துப் போடாதீர்கள்.