ஸ்பெயினில் கோர்தோபா போனவர்களே, மனசை விட்டுப் போகாத ஒரு நிமிடத்தைச் சொல்லுங்கள்

கீழக்கரை_லெஸ்டர்

மெஸ்கித்தா ஒரு காலத்தில் பெரிய மசூதி, இன்று கதீட்ரல் (கத்தோலிக்கப் பேராலயம்). அதற்குள் தொழக்கூடாது என்பது போனவர்களுக்கெல்லாம் தெரியும். 2010இல் ஆஸ்திரியாவிலிருந்து வந்த முஸ்லிம் இளைஞர்கள் உள்ளே தொழ ஆரம்பித்து, காவலர்களோடு தள்ளுமுள்ளாகிச் செய்தியிலெல்லாம் வந்ததே. உம்மாவிடம் ரயிலிலேயே சொல்லி வைத்தேன். "நான் எங்கே தொழப்போறேன்? மனசுக்குள்ள ஓதுறதை யாரு பார்க்கப் போறா" என்றார்.

தொழும் திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராபுக்கு முன்னால் கம்பித் தடுப்பு, கூட்டம். எல்லார் கையிலும் போன். உம்மாவும் போனை எடுத்தார், ஆனால் படம் எடுக்க அல்ல. கிப்லா, அதாவது மக்கா இருக்கும் திசை, காட்டும் செயலியைத் திறந்தார். அம்பு மிஹ்ராபைக் காட்டவே இல்லை. நன்றாக இடது பக்கம் தள்ளி ஒரு தூணைக் காட்டியது. உம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அந்தத் தங்க மொசைக்குகளுக்கு முதுகைப் பாதி காட்டியபடி தூணைப் பார்த்து நின்றுவிட்டார். கைகள் தொங்கியபடி, உதடு மட்டும் அசைகிறது.

காவலர் நேராக எங்களை நோக்கி வந்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. வந்தவர் உம்மாவைப் பார்த்தார், தூணைப் பார்த்தார். "செனோரா" என்று மெல்லக் கூப்பிட்டு, மிஹ்ராப் அந்தப் பக்கம் இருக்கிறது என்று கைகாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அவருக்கு நிஜமாகவே புரியவில்லையா, இல்லை புரிந்துதான் அப்படிச் செய்தாரா?

செங்கல்சிமென்ட்

செயலி சரிதான். அந்த மிஹ்ராப் கிட்டத்தட்டத் தெற்கு நோக்கி இருக்கிறது. கோர்தோபாவிலிருந்து மக்கா கிழக்கே, கொஞ்சம் தெற்காக. கட்ட ஆரம்பித்த முதலாம் அப்துர் ரஹ்மான் டமாஸ்கஸ் உமய்யா வம்சம்; 750இல் அப்பாசியர் அந்தக் குடும்பத்தை வெட்டிச் சாய்த்தபோது தப்பி வந்தவர். டமாஸ்கஸில் கிப்லா தெற்கு, அந்தப் பழக்கத்தில் இங்கேயும் தெற்கு வைத்துவிட்டார் என்று ஒரு விளக்கம். பழைய ரோமானியத் தெருக்களின் போக்கு அப்படி என்று இன்னொரு விளக்கம்.

என்னுடைய நிமிடம் வேறு. அந்தச் சிவப்பு வெள்ளை வளைவுகளைப் பார்த்துப் பார்த்து அசந்துபோயிருந்தேன். கிடைத்த ரோமானியத் தூண்களெல்லாம் குட்டை; கூரையை உயர்த்த வளைவுக்கு மேல் இன்னொரு வளைவு வைத்த மூளையை நினைத்து, தொழில்காரன் என்ற முறையில் கும்பிடத் தோன்றியது. சிவப்பு செங்கல், வெள்ளை கல், மாற்றி மாற்றி. அப்புறம் கிழக்குப் பக்கம், கலீஃபாவின் பெயரில் ஆட்சி நடத்திய அமைச்சர் அல்-மன்சூர் 987 வாக்கில் சேர்த்த எட்டு வரிசைக்குப் போனோம். வழிகாட்டி டார்ச்சை மேலே அடித்தார். அங்கே செங்கல் இல்லை. எல்லாம் கல், சிவப்பு வெறும் பெயின்ட்! ஆயிரம் வருடத்துக்கு முன்பே ஒரு மேஸ்திரி "தூரத்திலிருந்து பார்த்தா யாருக்குங்க தெரியப்போகுது" என்று சொல்லியிருக்கிறான். அந்தக் குரல் எனக்கு நன்றாகவே தெரியும், தினமும் சைட்டில் கேட்கிறேன்.

வைகைக்கரை

பெயின்ட் உங்களை உறுத்துகிறது, நடுவில் நிற்கும் கதீட்ரல் உறுத்தவில்லையா? தாழ்வான இருட்டில் தூண் தூணாக நடந்துகொண்டிருந்தேன். திடீரென்று வெள்ளை வெளிச்சம், அண்ணாந்து பார்த்தால் முடிவே இல்லாத கூரை, ஆர்கன் குழாய்கள். என் பக்கத்தில் ஒரு பையன் "வேற கட்டடத்துக்கு வந்துட்டமா?" என்று ஸ்பானிய மொழியில் தன் அப்பாவைக் கேட்டான். அந்த அப்பா பதில் சொல்லாமல் நின்றார்.

1523இல் பிஷப் இதை ஆரம்பித்தபோது, நகர மன்றமே எதிர்த்தது. வேலை செய்யும் ஆளுக்கு மரண தண்டனை என்று மிரட்டிப் பார்த்தார்கள். அரசர் ஐந்தாம் சார்லஸ் பிஷப் பக்கம் சாய்ந்தார், அவ்வளவுதான். 2006இல் மறைமாவட்டம் மொத்தக் கட்டடத்தையும் தன் பெயரில் பதிவு செய்துகொண்டது. செலவு ஏறத்தாழ 30 யூரோ. உள்ளே போக எனக்கு ஆன டிக்கெட் அதில் பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு.

செங்கல்சிமென்ட்

செவில்லா போய்ப் பாருங்கள். அங்கேயும் பெரிய மசூதி இருந்தது. இடித்துத் தள்ளிவிட்டுத்தான் கதீட்ரல் கட்டினார்கள். மிச்சம் மினாராவும் (இன்றைய ஹிரால்தா) ஆரஞ்சு மரத் தோட்டமும்தான். கோர்தோபாவில் கதீட்ரலாகப் பயன்பட்டதால்தான் 850க்கு மேற்பட்ட தூண்கள் இன்றும் நிற்கின்றன. எனக்கும் அந்த நடுக்கூடம் பிடிக்கவில்லை, ஆனால் இடித்ததற்கும் நடுவில் செருகியதற்கும் வித்தியாசம் உண்டு. இன்னொன்று: 997இல் அல்-மன்சூர் வடமேற்கே கிறிஸ்தவர்களின் புனிதத் தலமான சாந்தியாகோவைச் சூறையாடி, அந்தத் தேவாலய மணிகளைக் கொண்டுவந்து இங்கே விளக்காகத் தொங்கவிட்டான் என்கிறார்கள். 1236இல் ஊரைப் பிடித்த கிறிஸ்தவ அரசர் மூன்றாம் ஃபெர்னாண்டோ அதே மணிகளைத் திருப்பி அனுப்பினாராம். யார் கணக்கை எங்கிருந்து ஆரம்பிப்பீர்கள்?

திட்டமிட்டபயணி

வெளியே ஒரு பெண்மணி ரோஸ்மேரிக் கொத்தைக் கையில் திணித்து, விரலைப் பிடித்து ரேகை பார்த்து, ஐந்து யூரோ கேட்டார். கொடுக்கவில்லை. ஸ்பானிய மொழியில் ஏதோ சொன்னார், சாபமாகத்தான் இருக்கும். அன்று மாலையே செருப்பு வார் அறுந்தது.

போகிறவர்களுக்குச் சில விஷயம். திங்கள் முதல் சனி வரை காலை 8.30 முதல் 9.30 வரை மெஸ்கித்தாவுக்குள் இலவசம். குழுவாகப் போனால் கிடையாது. வைகைக்கரை, நீங்கள் டிக்கெட்டுக்குச் செலவழித்திருக்கவே வேண்டாம். ஜூலை, ஆகஸ்டில் போகாதீர்கள், 40 டிகிரி சர்வசாதாரணம். மதியம் இரண்டு மணிக்குத் தெருவில் நடமாடுவது நாமும் பூனையும்தான். மாட்ரிட்டிலிருந்து ஆவே அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள், செவில்லாவிலிருந்து முக்கால் மணி நேரம். அதனால் பலர் பெட்டியை ரயில் நிலையத்தில் வைத்துவிட்டு ஒரு மதியத்தில் ஊரை முடித்துவிடுகிறார்கள்; அப்படிச் செய்யாதீர்கள். மதீனா அஸஹாராவுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். மூன்றாம் அப்துர் ரஹ்மான் 936 வாக்கில் தொடங்கிய அரண்மனை நகரம், நூறு வருடம்கூட நிலைக்கவில்லை. 2018இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. சைவக்காரர்கள் கவனம்: சல்மொரேஹோ என்ற குளிர்ந்த தக்காளிக் குழம்பை ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் பூண்டும் போட்டுத்தான் அரைப்பார்கள், ஆனால் மேலே பன்றித் தொடைத் துண்டும் முட்டையும் தூவித் தருவார்கள். "சின் ஹமோன்" (பன்றித் தொடை வேண்டாம்) என்று முதலிலேயே சொல்லுங்கள். தேன் ஊற்றிய கத்தரிக்காய் வறுவலைத் தைரியமாக வாங்கலாம்.

கீழக்கரை_லெஸ்டர்

நன்றி, ஆனால் நாங்கள் போய் வந்துவிட்டோம். நான் கேட்டது காவலரைப் பற்றி. உம்மா என்ன சொல்கிறார் என்றால், "அந்தப் புள்ளைக்கு நல்லாத் தெரியும், தெரியாத மாதிரி இருந்துச்சு." எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை.

மாடித்தோட்டம்

இவ்வளவு நீளம் எழுதியவர் மே மாதத்தைச் சொல்லவே இல்லையே! பாட்டியோப் போட்டி, அதாவது வீட்டு முற்றங்களுக்கான போட்டி, 1921இல் தொடங்கியது. வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்துவிட்டு, முற்றத்தை ஊருக்கே காட்டுவார்கள். வெள்ளைச் சுவர் முழுக்க ஜெரேனியம் தொட்டி, இரண்டாவது மாடி உயரம் வரை. எப்படித் தண்ணீர் விடுவார்கள் என்று எனக்குக் குழப்பம். ஒரு வீட்டில் எண்பது வயது இருக்கும் அம்மா, மாங்காய் பறிக்கிற தொரட்டி மாதிரி நீளக் கம்பு நுனியில் தகர டப்பா கட்டி, வாளியில் முக்கி, மேலே தூக்கி ஒவ்வொரு தொட்டியாகச் சாய்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. நான் படம் எடுப்பதைப் பார்த்துவிட்டுக் கம்பை என்னிடம் நீட்டினார். தூக்கிப் பார்த்தேன். மொத்தத் தண்ணீரும் ஒரு ஜெர்மன்காரர் தலையில்! அந்த அம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே.

பழையகாகிதம்

யூதர் தெருவில் இருக்கும் சினகாக்குக்கு (யூதர்களின் தொழுகைக் கூடம்) யாரும் போகவில்லையா? ஒரே ஒரு சின்ன அறை, 1315இல் கட்டியது. ஸ்பெயினில் இடைக்காலத்துச் சினகாக் முழுசாக மிஞ்சியது மிகக் குறைவு. இதைத் தவிர்த்தால் தொலேதோவில் இரண்டு இருக்கின்றன. வாசலில் ஐரோப்பியருக்கு இலவசம், என் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 30 சென்ட் கேட்டார்கள். சில்லறை தேடவே ஐந்து நிமிடம்.

1492இல் யூதர்களைத் துரத்திய பிறகு இது வெறிநாய்க்கடி மருத்துவமனையாக இருந்திருக்கிறது. அப்புறம் செருப்புத் தைப்பவர்களின் சிற்றாலயம். 1884இல் பூச்சு உதிர்ந்தபோதுதான் உள்ளே எபிரேய எழுத்து தெரிந்திருக்கிறது. நான் இருந்தபோது முன்னால் நின்ற ஒருவர் சுவரைப் பார்த்துச் சத்தமாகவே வாசிக்க ஆரம்பித்தார், வேதாகமத்துச் சங்கீதப் புத்தக வரிகள். அரைகுறையாக உதிர்ந்த இடத்தில் நிறுத்தாமல் மனப்பாடமாகச் சொல்லி நிரப்பிக்கொண்டு போனார். வாசலில் இருந்த ஊழியர் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி தன் நாற்காலிக்கே போய்விட்டார். கீழக்கரை, உங்கள் உம்மா சொல்வதை நான் நம்புகிறேன்.

திட்டமிட்டபயணி

சினகாக் திங்கட்கிழமை மூடியிருக்கும், பார்த்துப் போங்கள். மதீனா அஸஹாராவும் அப்படித்தான்.