வியாழனை நெருங்கிக் கடக்கும் விண்வெளி நிலையம்: ஊருக்கு ஊர் வேறுபடுவது ஏன்?

வினா:
அனைவருக்கும் வணக்கம். நேற்று மாலை பன்னாட்டு விண்வெளி நிலையம் வியாழனை ஏறத்தாழ உரசிச் செல்வதை மதுரையில் எங்கள் மொட்டைமாடியிலிருந்து கண்டு மெய்சிலிர்த்தேன். அதே நேரத்தில் திண்டுக்கல்லிலிருந்து பார்த்த என் தங்கையோ, அது கோளைவிட்டு வெகுவாக விலகியே சென்றதாகக் கூறுகிறாள். இருவர் கண்டதும் உண்மையாக இருக்க முடியுமா?

மறுமொழி 1:
முடியும். வியாழன் 50 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் இருப்பதால் இரண்டு ஊர்களிலிருந்தும் வானில் ஒரே இடத்தில் தெரிகிறது. நிலையமோ சுமார் 400 கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றுகிறது. அது உச்சி வானில் செல்லும்போது, அதன் பாதைக்குக் குறுக்காக நாம் 7 கிலோமீட்டர் தள்ளி நின்றாலே, விண்மீன்களின் பின்னணியில் அது 1 பாகை, அதாவது முழுநிலவின் அகலத்தைப்போல் இரு மடங்கு, விலகித் தெரியும். உங்கள் ஊர்களுக்கு இடையே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் இருக்கிறதே! ஆகவே நிலையம் எப்போது, எங்கே தெரியும் என்று கணித்துச் சொல்லும் செயலியில் அருகிலுள்ள பெருநகரத்தை அல்லாமல், நீங்கள் நிற்கும் இடத்தையே பதியுங்கள்.

மறுமொழி 2:
ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். மாலைக் கடப்புகள் பலவற்றில் நிலையம் நடுவானிலேயே மங்கி மறைவதைக் கண்டு, முகில் மூடிவிட்டதாகச் சிலர் எண்ணுகிறார்கள்; உண்மையில் அது புவியின் நிழலுக்குள் நுழைகிறது.

வினவியவர்:
மிக்க நன்றி. அடுத்த கடப்பின்போது தங்கையும் நானும் ஒரே நேரத்தில் படமெடுத்து, இரண்டையும் இங்கே இடுகிறோம்.